தண்ணீர் பில் என்ற பெயரில் ஒரு குரல்

நான் பெருமைக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், கொம்பியூட்டர் திருத்துகிற அதே கடையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்திருக்கிறேன். கவுண்டருக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "மிஸ், டெக்னீஷியன் எங்க?" என்று கேட்பார்கள். "சொல்லுங்கோ" என்பேன். என் தோளுக்கு மேலால் பின்னறையை எட்டிப் பார்ப்பார்கள். அந்த எட்டிப் பார்வை நின்றுபோக எத்தனையோ வருடங்கள் ஆயின. ஆகவே நான் பெருமைப்பட்டுக்கொள்வதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வருடம் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். எந்த ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன, என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். நான் ஓய்வுபெற்ற அதே வருடம் வந்த ஒரு டேப்லெட்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் ஒரு பெரிய பிழை விடப் பார்த்தேன். பிறகு ஒரு நல்ல வேலையும் செய்தேன். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். மகளுக்கு முப்பது வயதிருக்கும், பெயர் ஸ்டெலா. தகப்பனின் கழுத்தில் மெல்லிய பருத்தித் துணி கட்டியிருந்தது. அவர் தலையசைத்து வணக்கம் சொன்னார், கதைக்கவில்லை. தொண்டையில் புற்றுநோய் வந்து, ஒன்றரை வருடத்துக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று ஸ்டெலா சொன்னாள். தகப்பனின் பெயர் யோசப். புறக்கோட்டையில் தனியார் பஸ் நிலையத்தில் மைக்கில் பஸ் நேரம் அறிவிக்கிற வேலை பார்த்தவர். தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும். எந்த பஸ் எத்தனையாவது நிறுத்தத்தில் நிற்கிறது, எது இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்று இருபத்தைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய குரலைக் கேட்டு நானும்தான் எத்தனை தரம் ஓடியிருப்பேன். அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

டேப்லெட்டைக் கவுண்டரில் வைத்தாள். சின்னது, விலை குறைந்தது, மூலையில் கண்ணாடி லேசாக வெடித்திருந்தது. அவர் தட்டெழுதினால் அது மெஷின் குரலில் வாசித்துச் சொல்லும். அப்படித்தான் ஒன்றரை வருடமாக வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். போன கிழமை ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி இறங்கிப்போனது. அதற்குப் பிறகு சிஸ்டம் எழும்பவில்லை. ஒரு நீலத் திரை வந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. மற்ற வழிகளைத் தொட்டால் பாஸ்வேர்ட் கேட்டது. டேப்லெட்டை முதலில் அமைத்துக் கொடுத்த உறவினருக்கே அது மறந்துபோயிருந்தது.

ஸ்டெலா வியாழக்கிழமை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறாள். தாய் இல்லை. தகப்பன் தனியே இருக்கப் போகிறார். ஒரு மெஷின் இல்லாமல் இரண்டு பேரும் போனில் கதைக்க வழியில்லை.

"அக்கா, ரீசெற் பண்ணித் தாங்கோ. உள்ளுக்க ஒண்டும் இல்லை. ஸ்லோவா இருந்தா லினக்ஸ் போட்டாலும் பரவாயில்லை, கதைச்சாக் காணும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பழைய சிறிய டேப்லெட், கம்பனி போட்டுக் கொடுத்த சிஸ்டம் அதற்குப் பாரம். அழித்துவிட்டு லினக்ஸ் போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். சாதாரண வேலை. நான் ஸ்டெலாவிடம் கேள்விகள் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். தகப்பன் பக்கத்தில் நின்றார். அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதைக்க முடியாதவர் என்றதும் அவரைக் கேட்கத் தேவையில்லாதவர் என்று எனக்குள் எங்கேயோ முடிவாகிவிட்டது. எனக்குப் பின்னால் டெக்னீஷியனைத் தேடியவர்கள் எனக்குச் செய்ததையே நான் அந்த மனிதருக்குச் செய்தேன்.

திரையில் 'எல்லாவற்றையும் அகற்று' என்ற இடத்துக்கு என் விரல் போய்விட்டது. அந்த நேரத்தில் கவுண்டரில் படார் என்று அடி விழுந்தது. யோசப் ஐயா உள்ளங்கையால் அடித்திருந்தார். பேனை வைக்கிற டப்பா கீழே விழுந்தது. கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்.

'வேண்டாம். உள்ளே என் குரல் இருக்கிறது.'

ஸ்டெலா அதை வாசித்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

அவர் இன்னும் எழுதினார். ஒப்பரேஷனுக்கு முந்தின பத்து நாளும், மகள் வேலைக்குப் போன பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லுகிற வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருக்கிறார். நானூறுக்கு மேல். பிறகு ஒரு நாளும் திறக்கவில்லை. தன் குரலைக் கேட்கத் துணிவு வரவில்லை என்று எழுதினார். மகள் போகிறாள் என்றதும், இனி அந்தக் குரலில்தான் அவளோடு கதைப்பது என்று தீர்மானித்தாராம். அதற்குள் டேப்லெட் படுத்துவிட்டது.

நான் விரலை எடுத்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். மெஷினைக் கொண்டு வருகிறவர் ஒருவராகவும் அதன் சொந்தக்காரர் வேறொருவராகவும் இருப்பது நம் தொழிலில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. சொந்தக்காரரைக் கேளுங்கள். அவர் எழுதிக் காட்ட நேரம் எடுத்தாலும், சைகை செய்தாலும், உங்களுக்குத் தெரியாத மொழியில் சொன்னாலும், நின்று கேளுங்கள்.

மிச்சப் பாதி, அதற்குப் பிறகு நடந்தது.

இந்த மாதிரி டேப்லெட்டில் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியிருக்கும். கழற்றி வேறு மெஷினில் மாட்ட முடியாது. உள்ளே போக எங்களுக்கு இருந்தது ஒரே வழி. லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகி, டேப்லெட்டை அதிலிருந்து எழுப்ப வேண்டும். அப்படி எழும்பினால் உள்ளே இருப்பதைத் தொடாமல் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். பென் டிரைவைத் தயார் செய்தவர் இர்பான். என்னோடு ஆறு வருடம் வேலை செய்த டெக்னீஷியன். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

டேப்லெட் அந்தப் பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. பென் டிரைவையும் கீபோர்டையும் ஒரு ஹப் வழியாகச் செருகினோம், எழுப்பினோம், நேரே அந்த நீலத் திரை. வேறு பென் டிரைவ், அதே நீலத் திரை. வேறு ஹப், வேறு வயர், அதே நீலத் திரை. பிழை என்று ஒரு சொல்லாவது எழுதிக் காட்டினால் பிடித்துக்கொண்டு போகலாம். அது ஒன்றும் சொல்லவில்லை. பென் டிரைவே இல்லாத மாதிரி நடந்துகொண்டது.

"அக்கா, பென்ல ஒரு பிழையும் இல்ல. கடையில ஈக்கிற எல்லா மெஷின்லயும் எழும்புது" என்றார் இர்பான். எழுப்பியும் காட்டினார். அவர் சொன்னது சரி.

இன்னொரு தொல்லை. டேப்லெட்டுக்கு ஒரே ஒரு வாய். அதில் ஹப்பைச் செருகினால் சார்ஜ் போட முடியாது. பற்றரி பழசு, ஒரு மணித்தியாலம்கூட ஒழுங்காக நிற்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் மற்றவர்களுடைய யோசனைகள் வந்து சேரும்.

நான் போனில் யோசனை கேட்ட தொழில்காரர் ஒருவர் சொன்னார், போர்டிலிருந்து சேமிப்பகச் சில்லை, அதாவது சிப்பை, சூடாக்கிக் கழற்றி எடுக்கிற ஆள் தன்னிடம் இருப்பதாக. பத்துக்கு ஏழு சரிவரும் என்றார். ஸ்டெலா அதற்குச் சம்மதிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு நேரமில்லை, பெட்டி கட்டி முடியவில்லை. இர்பான், போர்டின் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிப் பார்ப்போம் என்றார். ஹாஜியார் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு மெஷின் தெரியாது, மனிதர்களைத் தெரியும். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"புள்ள, ஒங்களுக்கு வெளங்குதா, வெளங்கலியா? வெளங்காட்டி அவங்களுக்கு அத சொல்லுங்க."

எனக்கு விளங்கவில்லை. இருபத்தொன்பது வருட அனுபவத்தோடு, வாடிக்கையாளர் முன்னால், கடை நிறைய ஆட்கள் நிற்க, விளங்கவில்லை என்று சொல்வது லேசில்லை. முதலில் சொன்னேனே, பெருமைக்காரி என்று. ஆனாலும் யோசப் ஐயாவின் பக்கம் திரும்பி, அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, இது ஏன் எழும்பேல்லை எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை. தெரியும்வரைக்கும், திரும்பி வர ஏலாத ஒரு வேலையும் இதில செய்யமாட்டன். நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் தாங்கோ."

அவர் கொப்பியில் 'சரி' என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடு இழுத்தார்.

அன்று பின்னேரம் டேப்லெட்டின் போர்டு அமைப்புகளுக்குள் போனேன். செக்யூர் பூட் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அது தெரியாத சிஸ்டத்தை உள்ளே விடாது. அதை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நிறுத்தினால் திரும்பப் போடலாம், ஆகவே அது செய்யக்கூடிய வேலை. சில்லைக் கழற்றினால் பழையபடி ஒட்ட முடியாது, ஆகவே அது செய்யக்கூடாத வேலை. மனதுக்குள் எல்லாவற்றையும் அப்படித்தான் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். என்ன எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே பழைய இடத்தில் வைக்கலாம். இர்பானுக்குப் பொறுமை போய்விட்டது. பதினேழு படம் எடுக்கிற நேரத்தில் பதினேழு பென் டிரைவ் போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார்.

கட்டுப்பாட்டை நிறுத்தினோம். அதே நீலத் திரை. பழையபடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாலத்தடியில் நெரிசல், பஸ் நகரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் அந்தப் படங்களைப் பார்த்தேன். வேறு வேலை இல்லாததால் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். முதல் படத்தின் அடியில், ஒருவரும் வாசிக்காத இடத்தில், போர்டின் சொந்த நிரலைப் பற்றிச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கடைசியில் 32 என்று போட்டிருந்தது.

முந்தின நாள் முழுவதும் 64 என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தோம். டேப்லெட்டின் மூளையான பிரதானச் சில்லு 64 பிட். அதனால் 64 பிட் பென் டிரைவ். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

புதியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொத்தானை அமுக்கியதும் முதலில் விழிப்பது போர்டில் எழுதி வைத்திருக்கிற சின்ன நிரல். அது பென் டிரைவுக்குள் போய்த் தனக்கென்று குறித்த பெயருள்ள ஒரு ஃபைலைத் தேடும். இருந்தால் எழுப்பும். 64 பிட் நிரல் தேடுகிற பெயர் வேறு, 32 பிட் நிரல் தேடுகிற பெயர் வேறு. எங்கள் பென் டிரைவில் ஒரே ஒரு ஃபைல், 64க்கு உரியது. இந்த டேப்லெட்டிலோ சில்லு 64, அதை எழுப்புகிற நிரல் 32. அதன் கண்ணுக்கு எங்கள் பென் டிரைவ் வெறுமை. அதனால்தான் அது பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் நின்றபடியே இர்பானுக்குப் போன் எடுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சில்லு 64தான், இரண்டு இடத்தில் தேடிப் பார்த்தேன் என்றார். நீர் சொல்வதும் சரி, இதுவும் சரி, இரண்டும் ஒரே மெஷினில் இருக்கிறது என்றேன். அவருடைய குரல் மாறியது.

"அப்ப வாசல் ஃபைல் மட்டும்தான் வேற. மத்தது எல்லாம் அப்பிடியே ஈக்கட்டும். நான் போட்டு வைக்கிறேன், நீங்க வாங்க."

நான் கடைக்கு வந்து சேர்ந்தபோது பென் டிரைவ் தயாராக இருந்தது. அந்த ஒரு ஃபைலைச் சேர்க்க வேண்டும் என்று நான் கண்டுபிடித்தேன். அதைப் பிழையில்லாமல் சேர்த்தது இர்பான். இதை யாராவது கதையாகச் சொல்லும்போது என் பெயரை மட்டும் சொன்னால் திருத்திவிடுங்கள்.

யோசப் ஐயாவும் ஸ்டெலாவும் வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னிலையில்தான் எழுப்பினேன். திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் வெள்ளை எழுத்துகள் வந்தன, பக்கவாட்டில், படுத்தபடி. இந்தச் சின்ன டேப்லெட்டுகளில் அப்படித்தான் வரும். நாங்கள் நான்கு பேரும் கழுத்தைச் சரித்து வாசித்தோம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பட்டிருக்கும்.

லினக்ஸ் எழும்பியது. பற்றரியைப் பார்த்தேன், நாற்பத்தொரு வீதம். சார்ஜ் முழுக்க ஏற முதலே அவசரப்பட்டு எடுத்தது என் பிழை.

திரையின் நடுவில் 'நிறுவு' என்ற படம் பெரிதாக நின்றது. அதை அழுத்தினால் ஸ்டெலா கேட்ட வேலை முடியும், அவள் அடுத்த நாள் நிம்மதியாக விமானம் ஏறலாம். அழுத்த ஒரு விநாடி போதும். ஆனால் நிறுவுகிற நேரத்தில் உள்ளே இருப்பது அழியும். நான் அந்தப் படத்தையே திரையின் ஓரத்துக்கு இழுத்து விட்டேன், கை தவறிக்கூடப் படக்கூடாது என்று. உள்ளே இருந்த சேமிப்பகத்தைத் திறந்தேன். அது சாவி போட்டுப் பூட்டப்பட்டிருக்கவில்லை. அதற்கு எங்கள் திறமை காரணமில்லை, அது வெறும் அதிர்ஷ்டம். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

எந்த ஃபோல்டர் என்று யோசப் ஐயாவைக் கேட்டேன். எழுதிக் காட்டினார்: 'தண்ணீர் பில்.' ஒருவரும் திறந்து பார்க்காத பெயராகத் தேடி வைத்திருக்கிறார்.

உள்ளே கலியாண வீட்டுப் படங்களும் இருப்பதை ஸ்டெலா இப்போதுதான் கண்டாள், அவற்றையும் எடுங்கள் என்றாள். இர்பான் முழுவதையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்றார். பற்றரி முப்பத்தெட்டு. நான் மறுத்தேன். முதலில் தண்ணீர் பில், அது மட்டும். பிரதி ஓடத் தொடங்கியது. மெதுவாக ஓடியது. ஹப்பில் தொங்குகிற ஒவ்வொன்றும் பற்றரியைக் குடிக்கும், ஆகவே கீபோர்டைக் கழற்றினேன். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். இருபத்தாறு. பத்தொன்பது. பழைய பற்றரி பதினைந்துக்குக் கீழே போனால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும், அது எனக்குத் தெரியும். யோசப் ஐயாவுக்கு அது தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல. கவுண்டரில் கிடந்த என் இடது கையின் மேல் தன் கையை வைத்தார். அமைதியாக இரு என்று சொல்கிற மாதிரி. குரலை இழக்கப் போகிறவர் அவர், ஆறுதல் எனக்கு.

பதினாறில் முடிந்தது. பென் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றி, கடை மெஷினில் போட்டு, எண்ணிக்கை சரிபார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல். உள்ளே இருந்ததும் நானூற்றுப் பன்னிரண்டுதான். இர்பான் சத்தம் போடாமல் என் தோளில் தட்டினார்.

ஆனால் எண்ணிக்கை சரியென்றால் குரல் சரியென்று ஆகாது. ஒன்றையாவது போட்டுக் கேட்க வேண்டும். நான் மவுஸைத் தொடவில்லை. யோசப் ஐயாவிடம், "ஐயா, ஒண்டு கேட்டுப் பாக்கவேணும். எதைக் கேக்கிறது எண்டு நீங்களே பிடியுங்கோ" என்றேன்.

அவர் கதிரையை இழுத்து மெஷினுக்கு முன்னால் இருந்தார். பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார். சிலவற்றின் மேல் நிறுத்தி, பிறகு தாண்டிப் போனார். ஒன்றரை வருடம் திறக்காததை எங்கள் எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒன்றை அழுத்தினார்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. கனமான, தெளிவான, புறக்கோட்டையில் கேட்ட அதே குரல்.

"மல்லி, ஹெமின் யன்ன. மட்ட ஹதிஸ்ஸியக் நே."

தம்பி, மெதுவாகப் போங்கோ, எனக்கு ஒரு அவசரமுமில்லை. ஓட்டோக்காரருக்குச் சொல்ல வேண்டியதை ஒப்பரேஷனுக்கு முன்பே சிங்களத்தில் பதிந்து வைத்திருக்கிறார் மனிதர். ஹாஜியார் கல்லாவிலிருந்து சிரித்தார். இர்பானும் சிரித்தார். யோசப் ஐயாவின் தோள்கள் குலுங்கின, அவரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெலாவும் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது வேறாக மாறியது. கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் ஒரு கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன்.

"இன்னும் இருக்கா அப்பா?" என்று கேட்டாள்.

அவர் நான்கு விரலைக் காட்டி, பிறகு கையால் பெரிய வட்டம் ஒன்று போட்டார். நானூறு.

அதற்குப் பிறகு படங்களையும் எடுத்தோம், சார்ஜ் முழுக்க ஏற்றிவிட்டு லினக்ஸும் போட்டோம். எல்லாம் லேசாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். போட்டு முடிந்ததும் டேப்லெட்டின் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. குரலைக் காப்பாற்றிவிட்டு அதை வெளியே விட வழியில்லாமல் வியாழக்கிழமை காலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டோம். மத்தியானத்துக்கு முன் சரிவந்தது. இர்பான் பெரிய பெரிய பொத்தான்களோடு ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தார். தொட்டால் ஐயாவின் சொந்தக் குரல் வரும். பதியாத வார்த்தை என்றால் தட்டெழுதி மெஷின் குரலில் கேட்கலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வாகனத்தைக் கடை முன் நிறுத்தி டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டெலா வெளிநாட்டில் இறங்கிய பிறகு எடுத்த முதல் போனுக்கு ஐயா எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையில்லை.

அந்த வருடக் கடைசியில், நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது, யோசப் ஐயா கொட்டாஞ்சேனையிலிருந்து தனியே பஸ்ஸில் வந்தார். தனியே என்றால், மகள் இல்லாமல். பக்கத்தில் இன்னொரு மனிதர் இருந்தார், ஐம்பது வயதுக்காரர், சந்தையில் மீன் விற்கிறவர். வருகிற திங்கட்கிழமை அவருக்கும் அதே ஒப்பரேஷன். கரகரத்த குரல், ஆனாலும் இருந்தது. யோசப் ஐயா தன் டேப்லெட்டில் ஒரு பொத்தானைத் தொட்டார், வீட்டுக்கு வருகிறவர்களிடம் மகளைக் காட்டிச் சொல்லவென்று முன்பு பதிந்ததாக இருக்கும், அவருடைய சொந்தக் குரல் வந்தது.

"இவவிட்டச் சொல்லும். இவ செய்து தருவா."

கவுண்டரில் எனக்குப் பக்கத்தில் இர்பானும் இன்னும் இரண்டு ஆண்களும் நின்றார்கள். யோசப் ஐயாவின் விரல் நேரே என்னைக் காட்டியது. முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த எல்லாச் சான்றிதழையும்விட அந்த விரலைப் பெரிதாக வைத்திருக்கிறேன்.

மீன்காரரைப் பின்னறைக்குக் கூட்டிப் போய், மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மைக்கை முன்னால் வைத்தேன். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போய் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்தோம். அவர் வேர்த்து வழிய இருந்துகொண்டு, என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார். குரல் இல்லாமல் போனால் வீட்டில் எந்த வார்த்தைக்குக் கஷ்டப்படுவீர்கள், அதிலிருந்து தொடங்குங்கள் என்றேன். அவர் யோசித்தார். பிறகு மைக்கைப் பார்த்து, தன் வீட்டு வாசலில் நின்று மனைவியைக் கூப்பிடுகிறவர் மாதிரி, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"பிலோ, கதவைத் திற. நான்தான்."

நான் அதை மூன்று இடத்தில் சேமித்தேன்.